மூன்று பூட்டுப் பெட்டி

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையில் எண்ணும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத குணமும் நாணயம். ஒருவரை ‘நாணயமானவர்’ என்று குறிப்பிடும்போது அவர் பையில் எவ்வளவு இருக்கிறது என்று நாம் கேட்பதில்லை. காசுக்கும் நேர்மைக்கும் ஒரே பெயர் வழங்கிய நம் மக்கள், ஒன்றில்லாமல் மற்றொன்று செல்லாது என்பதை அறிந்தே அவ்வாறு செய்தனரோ என எண்ணத் தோன்றுகிறது.

பொருளியல் மாணவனாகிய நான், இவ்விரு நாணயங்களும் சந்திக்கும் ஓரிடத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். அவ்விடம் நம் நாட்டில் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில், சகாராப் பாலைவனத்தின் தென்விளிம்பில் உள்ள நைஜர் நாட்டில், மராடி என்னும் வட்டாரத்தில் இருக்கிறது.

நைஜருக்குக் கடற்கரை கிடையாது. நாட்டின் பெரும்பகுதி மணல். தெற்கே, நைஜீரிய எல்லையை ஒட்டிய குறுகிய பகுதியில்தான் ஓரளவு மழை பெய்கிறது. அதுவும் ஆண்டில் மூன்று நான்கு மாதங்களே. மராடி அப்பகுதியில் அமைந்தது. அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் ஹௌசா மொழி பேசுபவர்கள். நாம் கம்பு என்று சொல்கிறோமே, அதே தானியம்தான் அவர்களுக்கும் அன்றாட உணவு. பெண்கள் நிலக்கடலை எண்ணெய் ஆட்டி விற்பார்கள், ஆடு வளர்ப்பார்கள். மராடியின் சிவப்பு ஆடு அதன் தோலுக்காகப் பெயர் பெற்றது. மழை தவறினால் ஆடும் போகும், கம்பும் போகும். பழைய தானியம் தீர்ந்து புதிய அறுவடை வராத அந்தச் சில வாரங்கள்தாம் ஆண்டின் கொடிய காலம். அப்போது கையில் சிறு தொகை இருக்கும் குடும்பம் தப்பும். இல்லாத குடும்பம் விதைத் தானியத்தையே தின்னும்.

அவ்வூர்ப் பெண்களுக்குச் சேமிக்கத் தெரியாது என்று எண்ணிவிட வேண்டாம். நம் ஊர்க் குலுக்கல் சீட்டைப் போன்ற ஒன்று அவர்களிடம் நெடுங்காலமாக உண்டு. ஹௌசா மொழியில் அதற்கு அடாஷி என்று பெயர். வாரந்தோறும் எல்லோரும் ஒரே தொகையைப் போட, ஒவ்வொரு முறையும் ஒருத்தி மொத்தத்தையும் எடுத்துச் செல்வாள். எளிமையான ஏற்பாடுதான். ஆனால் அதில் இரண்டு குறைகள். எல்லோரும் ஒரே தொகை போட்டாக வேண்டும். இல்லாதவளுக்கு அது சுமை, இருப்பவளுக்கு அது போதாது. மேலும், முறை வரும்போது தேவை இருக்காது. தேவை வரும்போது முறை இருக்காது. குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட நாளில், இன்னும் ஏழு வாரம் கழித்து வரும் பணத்தால் என்ன பயன்?

1991-ஆம் ஆண்டில் ‘கேர்’ என்னும் தொண்டு நிறுவனம் மராடியில் ஒரு புதிய முயற்சியைத் தொடங்கியது. கேர் என்ற பெயர் நம் மாநிலத்துப் பெரியவர்களுக்குப் புதிதன்று. 1945-இல், போரால் நலிந்த ஐரோப்பாவுக்கு உணவுப் பொட்டலங்கள் அனுப்புவதற்காக அமெரிக்காவில் தோன்றிய நிறுவனம் அது. 1960-களில் நம் பள்ளி மதிய உணவுத் திட்டத்துக்கும் உணவுப் பொருள்கள் தந்து உதவியது. கொடுப்பதே தொழிலாகக் கொண்ட அந்த நிறுவனம், மராடியில் செய்த புதுமை என்ன தெரியுமா? பணம் எதுவும் கொடுக்காததுதான். அங்குப் பணியாற்றிய மொய்ரா எக்னெஸ் என்னும் பெண்மணி, ஏற்கெனவே அவ்வூர்ப் பெண்களிடம் இருந்த சீட்டு முறையை எடுத்து, அதன் இரண்டு குறைகளையும் நீக்கி, அவர்களிடமே திருப்பித் தந்தார். அக்குழுக்களுக்கு ‘மாட்டா மாசு டுபாரா’ என்று பெயர். உபாயம் அறிந்த பெண்கள் என்று அதைத் தமிழாக்கலாம்.

பெட்டியின் அமைப்பு

முறை இதுதான். இருபது பேர் அளவில் ஒரு குழு. ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். தாங்களே தேர்ந்து சேர்ந்தவர்கள். வாரம் ஒருமுறை கூடுவார்கள். பிற நாடுகளுக்குப் பரவியபோது செப்பம் பெற்ற வடிவத்தில், ஒருத்தி ஒரு கூட்டத்தில் ஒன்று முதல் ஐந்து பங்கு வரை வாங்கலாம். ஆகவே சேமிப்பு அவரவர் சக்திக்கேற்றது. சேரும் பணம் சும்மா கிடப்பதில்லை. உறுப்பினர்களுக்கே கடனாகப் போய் வட்டியுடன் திரும்புகிறது. ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் முடிந்ததும் முழுத் தொகையும் பங்கு வீதத்தில் பிரித்துக்கொள்ளப்படும். பெட்டி காலியாகும். விரும்பியவர்கள் மீண்டும் தொடங்கலாம், விரும்பாதவர்கள் விலகலாம்.

பணம் ஓர் இரும்புப் பெட்டியில் இருக்கும். அதற்கு மூன்று பூட்டுகள். மூன்று சாவிகளும் மூன்று வெவ்வேறு பெண்களிடம். பெட்டியை வீட்டில் வைத்திருப்பவள் நான்காமவள். அவளிடம் சாவி கிடையாது. கூட்டம் தவிர வேறெப்போதும் பெட்டி திறக்கப்படாது. பணத்தை எண்ணுவதற்கு இருவர், நடுவில் ஒரு கிண்ணம். எல்லோர் கண்முன்னும் வாய்விட்டு எண்ணுவார்கள்.

மராடியின் தொடக்கக் குழுக்களில் பெண்கள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். கணக்குப் புத்தகம் வைத்தால் அதைப் படிக்கத் தெரிந்த ஒருத்தியின் கையில் குழு முழுவதும் சிக்கிவிடும். ஆகவே நினைவே கணக்கேடாயிற்று. கூட்டம் முடியும்போது பெட்டியில் இருக்கும் தொகையை உரக்கச் சொல்வார்கள். எல்லோரும் மனத்தில் கொள்வார்கள். அடுத்த கூட்டம் தொடங்கியதும் அதே தொகையைச் சொல்லி, பெட்டியைத் திறந்து எண்ணிச் சரிபார்ப்பார்கள். இருபது பேர் நினைவில் உள்ள எண்ணை ஒருவர் திருத்த முடியுமா? தணிக்கை என்றால் ஆண்டு முடிவில் வெளியூரிலிருந்து ஒருவர் வந்து பார்ப்பது என்றே பாடத்தில் படித்திருக்கிறோம். இங்கு வாரந்தோறும் தணிக்கை; தணிக்கையாளர் இருபது பேர். பின்னர் வந்த குழுக்களில் முத்திரை குத்தும் சிறு புத்தகம் சேர்ந்தது. ஒரு பங்குக்கு ஒரு முத்திரை. எழுத்தறியாதவளும் தன் முத்திரைகளை எண்ணிக்கொள்ளலாம். வாங்காத பங்கின் கட்டம் அன்றே கோடிட்டு அடிக்கப்படும், பின்னால் யாரும் அதில் முத்திரை குத்திவிடாதபடி.

இதைப் படித்தபோது எனக்கு என் தாயாரின் நினைவு வந்தது. எங்கள் தெருவில் ஏலச்சீட்டு நடத்திய ஒருவர் ஓர் இரவில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். என் அக்காளின் திருமணத்துக்கென்று அம்மா கட்டிவந்த பணம் அதில் இருந்தது. அம்மா இன்றும், “நல்ல மனுஷன்னு நெனச்சேன்” என்றுதான் சொல்வார். அவர் தொடக்கத்தில் நல்லவராகவே இருந்திருக்கலாம். ஆனால் சீட்டுப் பணம், கணக்கு நோட்டு, யாருக்கு எவ்வளவு என்ற விவரம் எல்லாம் அவர் ஒருவரிடமே இருந்தன. நம் நாட்டில் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்த சீட்டுகளுக்கு அது காப்பு. தெருச் சீட்டுகளில் பல அதன் நிழலுக்குள் வருவதே இல்லை. மராடிப் பெண்கள் ஒருவரையொருவர் நம்பாததால் மூன்று பூட்டுப் போடவில்லை. நல்லவள் ஒருத்தி மீது வீண்பழி வராமலும், கெட்ட வேளையில் அவள் மனம் தடுமாறாமலும் அப்பூட்டுகள் காக்கின்றன.

ஒரு கணக்கு

கற்பனையாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குழுவில் 20 பேர். பங்கு ஒன்றுக்கு 100 பிராங்க். சராசரியாக ஒருத்தி வாரம் 3 பங்கு வாங்குகிறாள். 40 வாரத்தில் 2,400 பங்குகள், அதாவது 2,40,000 பிராங்க் சேரும். கடன் வட்டியாக 60,000 பிராங்க் வந்தது என்று கொள்வோம். மொத்தம் 3,00,000. இப்போது ஒரு பங்கின் மதிப்பு 125 பிராங்க். வாரம் 4 பங்கு வாங்கியவள் 16,000 போட்டிருப்பாள். 20,000 எடுத்துச் செல்வாள்.

மாதம் நூற்றுக்குப் பத்து என்ற அளவில்கூட இக்குழுக்கள் வட்டி வைப்பதுண்டு. கந்து வட்டி அல்லவா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வட்டிக்கடைக்காரருக்குக் கொடுத்தது திரும்புவதில்லை. இங்குக் கொடுத்தது ஆண்டு முடிவில் தங்கள் மடியிலேயே விழுகிறது. ஆயினும் ஓயாமல் கடன் வாங்குபவளிடமிருந்து வாங்காமல் சேமிப்பவளுக்குப் பணம் நகர்கிறது என்பதையும் மறைக்கக்கூடாது. பங்குகளைத் தவிர, எல்லோரும் சமமாகப் போடும் சிறு தொகை ஒன்று தனிப் பையில் பெட்டிக்குள் இருக்கும். நோய், சாவு போன்ற ஆபத்துகளுக்கு அது உதவும்.

தொண்டு செய்தவர் என்ன செய்தார்?

களப்பணியாளர் ஒருவர் ஏறத்தாழ ஓராண்டு குழுவோடு இருப்பார். முதலில் அடிக்கடி வருவார், போகப்போக வருகை குறையும், பிறகு வரமாட்டார். அவர் பெட்டியைத் தொடக்கூடாது; சாவி வைத்திருக்கக்கூடாது. வெளிப்பணத்தைப் பெட்டிக்குள் போடுவதுமில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் சூடான பணம், குளிர்ந்த பணம் என்று ஒரு வழக்கு உண்டு. உழைத்துச் சேர்த்தது சூடான பணம். அரசோ அயலாரோ தந்தது குளிர்ந்தது. குளிர்ந்த பணத்தைத் திருப்பித் தராவிட்டால் யாருக்கும் சுடாது. அயலூர் நிதியை நம்பித் தொடங்கிய எத்தனையோ கடன் திட்டங்கள் வசூலாகாமல் மடிந்தது அதனால்தான் என்பது என் கருத்து.

வெளிநாட்டுத் தொண்டில் நம்பிக்கை ஏன் இவ்வளவு அரிதான பொருளாகிறது? கடையில் பிஸ்கட் வாங்குகிறவர் தாமே தின்கிறார். நன்றாயில்லை என்றால் மறுமுறை வாங்கமாட்டார். தொண்டில் பணம் தருபவர் ஒரு நாட்டில், பயன் பெறுபவர் வேறொரு நாட்டில். தருபவருக்குக் கிடைப்பது புகைப்படமும் கடிதமுமே. பெறுபவர் குறை சொன்னாலும் தருபவர் காதில் விழாது. நடுவில் இருப்பவரிடம் மூன்று சாவியும் இருக்கின்றன.

இதற்குத் தென்னாப்பிரிக்காவில் பிறந்த ‘பிளேபம்ப்’ நல்ல எடுத்துக்காட்டு. சிறுவர்கள் ஏறிச் சுற்றி விளையாடும் இராட்டினம் ஒன்றை ஆழ்துளைக் கிணற்றோடு இணைத்தார்கள். பிள்ளைகள் சுற்றச் சுற்றத் தண்ணீர் மேல்தொட்டிக்கு ஏறும். புகைப்படத்தில் பார்த்தால் யார் மனந்தான் இளகாது? 2006-இல் அமெரிக்காவில் இதற்காக 164 லட்சம் டாலர் அறிவிக்கப்பட்டது. 2010-க்குள் 4,000 நிறுவுவது இலக்கு. ஒன்றின் விலை சுமார் 14,000 டாலர். சாதாரணக் கைப்பம்பு அதில் ஒரு சிறு பங்கு விலைதான். நடந்தது என்ன? பிள்ளைகள் களைத்துப் போனார்கள், பள்ளிக்கும் போனார்கள். பெரியவர்களான பெண்கள் அந்த இராட்டினத்தைக் கையால் தள்ளிச் சுற்ற வேண்டியதாயிற்று. சொல்லப்பட்டபடி 2,500 பேருக்குத் தண்ணீர் தர வேண்டுமானால் நாளொன்றுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009-இல் லண்டன் ‘கார்டியன்’ நாளிதழ் கணக்கிட்டுக் காட்டியது. நாளுக்கு 24 மணிதானே!

ஆனால் இக்கதையில் போற்றத்தக்க பகுதி ஒன்று உண்டு. நிதி தந்த கேஸ் அறக்கட்டளையின் தலைவி ஜீன் கேஸ், 2010-இல், எண்ணியது நடக்கவில்லை என்று தம் பெயரிலேயே எழுதி வெளியிட்டார். கனடாவின் ‘எல்லைகளற்ற பொறியாளர்கள்’ அமைப்பு 2008 முதல் தன் தோல்விகளையே தொகுத்து ஆண்டறிக்கையாக அச்சிட்டது. வெற்றியை மட்டும் அச்சிடும் அறிக்கையைவிட இத்தகைய அறிக்கைக்கு நான் முதலில் நன்கொடை தருவேன்.

மராடிப் பெட்டியையும் அதே உரைகல்லில் உரைக்க வேண்டும் அல்லவா? உரைத்திருக்கிறார்கள். மாலி நாட்டில் இதையொத்த குழுக்களை ஆராய்ந்தபோது, குழு அமைந்த ஊர்களில் பசிக்காலம் ஓரளவு தணிந்தது, கால்நடை பெருகியது. உடல்நலத்திலோ பிள்ளைகளின் படிப்பிலோ தெளிவான மாற்றம் தென்படவில்லை. கானா, மலாவி, உகாண்டா நாடுகளில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வும், சேமிப்பும் குடும்பத்தில் பெண்களின் சொல்லுக்கு மதிப்பும் கூடின, சராசரி நுகர்வு உயரவில்லை என்றே கூறியது. வறுமையை ஒழித்துவிட்டோம் என்று யாரும் முழங்க இடமில்லை. எனினும் சான்சிபார்த் தீவின் ஜொசானிப் பகுதியில் கேர் வெளியேறி நான்காண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோது, உறுப்பினர் தொகை மும்மடங்குக்கும் மேலாகப் பெருகியிருந்தது. ஏற்கெனவே இருந்த குழுக்களைப் பார்த்து அண்டை ஊரார் தாமே கற்றுக்கொண்டார்கள். வெளிநாட்டுப் பணம் நின்ற பின்னும் வளர்ந்த தொண்டுத் திட்டங்கள் எத்தனை என்று தேடினால் விரல்களில் பாதி மிஞ்சும்.

பெட்டிக்கும் ஆபத்துகள் உண்டு. பணம் பிரிக்கும் நாள் நெருங்கும்போதுதான் பெட்டி கனக்கும். திருடனுக்கும் அது தெரியும். ஆதலால் கிழக்கு ஆப்பிரிக்காவில் சில குழுக்கள் இன்று பணத்தைக் கைப்பேசிக் கணக்கில் வைக்கின்றன. அங்கும் பழைய ஏற்பாட்டை விடவில்லை. பணம் எடுக்க மூன்று இரகசிய எண்கள் வேண்டும். மூன்றும் மூன்று பெண்களிடம். திருட்டுப் பயம் குறைகிறது. ஆனால் நடுவில் கிண்ணம் இல்லை, காசு விழும் ஓசை இல்லை, இருபது பேர் ஒரே எண்ணை உரக்கச் சொல்வதும் குறைகிறது. திரையில் தெரியும் தொகையைப் படிக்கத் தெரியாதவள், பக்கத்தில் இருப்பவளைக் கேட்டுத்தான் தன் சேமிப்பை அறிய வேண்டும். எண்ணும் வழக்கத்தை அக்குழுக்கள் எவ்வாறு காப்பாற்றுகின்றன என்பதை, படிப்பு முடிந்து வாய்ப்புக் கிடைத்தால், நேரில் சென்று பார்க்க எனக்கு ஆசை.