பீட்டர் தங்கராஜ்

பீட்டர் தங்கராஜ் (டிசம்பர் 24, 1935 – நவம்பர் 24, 2008) இந்தியக் கால்பந்து அணியின் கோல்காப்பாளர். ஐதராபாத்தில் பிறந்தவர். படையில் சேர்ந்து, குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெசிமெண்ட் மைய அணிக்கு ஆடினார். அவ்வணி 1955, 1958 ஆண்டுகளில் டூரண்டு கோப்பையை வென்றது. தொடக்கத்தில் அவர் முன்கள வீரர் என்பது பலர் அறியாதது.

1956, 1960 ஒலிம்பிக்கில் ஆடினார். எனினும் அவர் பெயர் நிலைத்தது 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில்தான். முந்தைய ஆட்டங்களில் பர்மன் கோல் காத்திருக்க, இறுதியாட்டத்துக்குப் பயிற்சியாளர் ரகீம் உயரமான தங்கராஜை இறக்கினார். துணிச்சலான முடிவு! அரங்கமே இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. தென்கொரியாவால் ஒரு கோல் மட்டுமே போட முடிந்தது. இந்தியா 2–1 என வென்று தங்கம் பெற்றது.

பின்னர் கொல்கத்தாவின் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் மூன்றுக்கும் ஆடினார். 1967இல் அர்ஜுனா விருது பெற்றார்.