உடப்பு வீட்டுக் கிராமபோன்: வயதை எங்கே தேடுவது?

உடப்பில் எங்கள் அம்மாவின் வீட்டு அலுமாரிக்கு மேல் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் தீமிதிப்புக்காக ஆடியில் ஊருக்குப் போயிருந்தபோது மாமா அதை இறக்கி மேசையில் வைத்தார். பழைய சாமான் வாங்குகிற ஒருவர் கொழும்பிலிருந்து வந்து விலை பேசிவிட்டுப் போயிருந்தார்.

"நூறு வருசத்துக்கு மேல பழசு மகள். தென்னந்தோட்டத்துத் துரை எங்கட பாட்டாவுக்குக் குடுத்துட்டுப் போனது. அவன் சொன்ன காசு காணாது. நீ பத்திரிகைக்காரிதானே, பார்த்துச் சொல்லு."

மாமாவுக்குக் கூரை மாற்ற வேண்டும். ஆகவே இது வெறும் பழங்கதை விசாரணை அல்ல. இலங்கையில் 1924இல் எட்வேர்ட் ஹார்ப்பர் கொழும்புத் தந்தி அலுவலகத்திலிருந்து நடத்திய பரீட்சார்த்த ஒலிபரப்பில் ஒலித்தது கிராமபோன் இசைதான் என்று ஊடகக் கற்கையில் படித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெட்டியை எந்தப் பக்கம் திறப்பதென்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படியொன்று தப்பியிருக்கலாம்.

முதலில் பெயர். எடிசன் 1877இல் செய்தது போனோகிராப். பின்னாளில் அது மெழுகு உருளையில் பாடியது. எமில் பேர்லினர் 1887இல் கண்டது தட்டையான தட்டில் பாடும் கிராமபோன். நம் வீடுகளில் "போனோகிராப்" என்று சொல்லி வைத்திருப்பவை பெரும்பாலும் கிராமபோன்களே. தட்டு வைக்கிற வட்டமான மேடை இருந்தால் அது கிராமபோன்.

அடுத்து, குழல் வெளியே நிற்கிறதா, உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். சினிமாவில் வருகிற பெரிய பூவிதழ்க் குழல் எங்கள் பெட்டியில் இல்லை. மூடியைத் திறந்தால் தட்டு மேடை, வளைந்த கை, அதன் நுனியில் ஒரு வட்டமான ஒலிப்பெட்டி. குழல் பெட்டிக்குள்ளேயே சுருண்டிருக்கிறது. சூட்கேஸ் மாதிரித் தூக்கிப் போகலாம். சாவி கொடுக்கும் கைபிடியைக் கழற்றி உள்ளேயே வைக்கலாம். நாய் குழலுக்கு முன்னால் குந்தியிருக்கும் படமும் இருந்தது. ஹிஸ் மாஸ்டர்ஸ் வொய்ஸ், நம்மவர் வாயில் எச்.எம்.வி.

இந்த நிறுவனத்தின் கைப்பெட்டிகளில் அதிகம் விற்றவை இரண்டு. 101 என்ற மாதிரி 1925இல் வந்தது. 102 என்பது 1931இல் அதன் இடத்தைப் பிடித்து 1950களின் பிற்பகுதி வரை ஓடியது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒலிப்பெட்டியைப் பார்க்க வேண்டும். 101இல் வழக்கமாக இருப்பது 4ஆம் இலக்க ஒலிப்பெட்டி, அதன் சவ்வு மைக்கா. 102இல் பெரும்பாலும் '5ஏ' அல்லது '5பி', அதன் சவ்வு அலுமினியம். இலக்கம் ஒலிப்பெட்டியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். எங்களுடையது 5பி.

ஒலிப்பெட்டியை மட்டும் நம்பிவிடக் கூடாது, அதை யாரும் கழற்றி மாற்றலாம். தட்டு மேடையைத் தூக்கி அடியில் பார்த்தோம். தட்டு முடிந்ததும் தானாக நிறுத்தும் பிரேக் இருந்தது. கையின் வளைவும் 102க்கு உரியதே. ஆகவே இந்தப் பெட்டி 1931க்கு முன் பிறந்திருக்க முடியாது.

அதே அலுமாரியின் கீழ்த்தட்டில் அம்மாவின் பாட்டாவுடைய மரணச் சான்றிதழ் இருந்தது. ஆண்டு 1928.

மாமா நெடுநேரம் பேசவில்லை. துரையின் கதை அவருக்குச் சிறுவயதிலிருந்தே சொல்லப்பட்டது. பிறகு, பெட்டியோடு இருந்த காகித உறைகளை எடுத்தோம். அவற்றில் சிலவற்றில் கொழும்புச் செட்டியார் தெருக் கடையொன்றின் முத்திரை. பெரியம்மாவைக் கேட்டபோது அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: "துரையாவது கிரையாவது. எங்கட அம்மா சீட்டுக் காசில வாங்கினது. ஆம்பிளையளுக்கு அதைச் சொல்ல வெக்கம்." அது முழு உண்மையா என்று பெட்டி சொல்லாது. ஆனால் ஆண்டு பெரியம்மாவின் பக்கம்தான் நிற்கிறது.

விலை விடயத்தில் மாமாவுக்கு நல்ல செய்தி சொல்ல முடியவில்லை. 102 உலகெங்கும் ஏராளமாக விற்ற பெட்டி. ஓடும் நிலையில் இருந்தால் மதிப்புண்டு, ஆனால் அரும்பொருள் அல்ல. பளபளவென்ற பித்தளைக் குழலும் எண்கோணப் பெட்டியும் நாய்ப் படமும் கொண்டு அதிக விலைக்கு விற்கப்படுபவை பல, அண்மைக் காலத்தில் இந்தியப் பட்டறைகளில் பழைய கைப்பெட்டியின் இயந்திரத்தைப் பொருத்திச் செய்தவை. அவற்றைப் பார்த்து உங்கள் பெட்டியின் விலையைக் கணக்கிட வேண்டாம்.

அரிய பொருள் இருக்குமென்றால் அது தட்டுகளில்தான். வந்த வியாபாரி தட்டுகளை "சும்மா சேர்த்துத் தாங்க" என்று கேட்டாராம். எங்களிடம் மிஞ்சியவை 11. தட்டை எப்படி வாசிப்பது? 1902இல் கல்கத்தாவில் முதல் ஒலிப்பதிவுகள் நடந்தபோது தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவரில்தான் அச்சாகின. தட்டுக்கு வேண்டிய அரக்கு இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போய், பாட்டாகத் திரும்பி வந்தது. 1908இல்தான் கல்கத்தா சீல்டாவில் ஆலை வந்தது. லேபிளில் ஹனோவர் என்றிருந்தால் மிகவும் கவனமாக எடுத்து வையுங்கள். நாய்க்குப் பதிலாகத் தேவதை இருந்தால், ஒரு பக்கத்தில் மட்டும் ஒலி இருந்தால், அதுவும் ஆரம்ப காலம். லேபிளுக்குப் பக்கத்தில், பள்ளங்கள் முடியும் கறுப்பு வெளியில், சிறிய எழுத்தும் இலக்கமும் பொறித்திருக்கும். எச்.எம்.வி. தட்டுகளில் அதன் பின்னால் முக்கோணம் இருந்தால் 1925க்குப் பிந்திய மின் ஒலிப்பதிவு, சதுரம் இருந்தால் 1931க்குப் பிந்தியது.

திரைப்பாட்டு என்றால் வேலை சுலபம். முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' 1931இல் வந்தது. அதற்கு முந்தியவை நாடகப் பாட்டுகளும் கச்சேரிப் பாட்டுகளும்தான். எங்கள் தட்டுகளில் கிட்டப்பா பாடியது ஒன்று. அவரும் கே.பி. சுந்தராம்பாளும் முதலில் சந்தித்ததே 1926இல் கொழும்பு நாடக மேடையில். கிட்டப்பா 1933இல் இறந்துவிட்டார். அப்படியானால் தட்டும் 1933க்கு முந்தியதா? இல்லை. அவர் பாடியது அதற்கு முன், ஆனால் அதே அச்சிலிருந்து பல ஆண்டுகள் கழித்தும் தட்டுகள் வந்தன. பாடிய ஆண்டு வேறு, தட்டு பிறந்த ஆண்டு வேறு. இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

மற்றத் தட்டுகள் எங்கே என்று கேட்டேன். முல்லைத்தீவில் கலியாணம் கட்டிப்போன பெரியம்மாவின் மகள் பாதியைக் கொண்டுபோயிருக்கிறார். அவர்கள் வீட்டிலும் ஒரு கிராமபோன் இருந்ததாம். 2009இல் வீட்டைவிட்டு வெளிக்கிட்டபோது எதுவும் எடுக்கவில்லை, திரும்பிப் போனபோது சுவர்கூட இல்லை. தீமிதிப்புக்கு வந்திருந்த அக்காவிடம் கேட்டேன்: குழல் வெளியே நின்றதா? கைபிடி எந்தப் பக்கம்? ஒலிப்பெட்டியில் கண்ணாடி மாதிரித் தெரிந்ததா? அவர் கண்ணை மூடிக்கொண்டு கையைச் சுழற்றிப் பார்த்தார். "முன்பக்கத்தால சுத்துறது. பாடேக்க அந்தக் கண்ணாடிக்குள்ள விரல் வைச்சு அடி வாங்கியிருக்கிறன்." முன்பக்கக் கைபிடி, மைக்கா சவ்வு. அது எச்.எம்.வி.யின் பெட்டிதான் என்று அக்கா உறுதியாகச் சொல்கிறார். அப்படியென்றால் 101இன் முதல் வடிவமாக இருக்க வேண்டும், பக்கக் கைபிடி வருவதற்கு முந்தியது. 1920களின் நடுப்பகுதி. இல்லாத பெட்டி இருக்கிற பெட்டியைவிட மூத்தது. அதையும் எழுதி வைத்தேன்.

உங்களிடம் பெட்டி இருந்தால் சில சொல். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று நிக்கலைத் தின்னும். துருவைச் சுரண்டிப் பளபளப்பாக்க வேண்டாம், நாய்ப் படமும் சேர்ந்து போய்விடும். வில் சுருள் இருக்கும் உருளையை நீங்களாகத் திறக்காதீர்கள், அது கையை வெட்டிவிடும். தட்டுகளை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது, அரக்கு கரையும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். உருக்கு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்ற வேண்டும். பழைய ஊசியால் பாட வைத்தால் பாட்டை உழுதுவிடும். முடிந்தால் பெட்டியில் போடாமல், 78 வேகமும் அதற்குரிய பருத்த ஊசியும் உள்ள நவீன கருவியில் ஒருமுறை ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதல், ஒளிப்படம். லேபிள், பொறித்த இலக்கம், ஒலிப்பெட்டி, உறையிலுள்ள கடை முத்திரை, ஒவ்வொன்றையும். யார் வாங்கினார், யார் கேட்டார் என்பதையும் சேர்த்து. நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணகங்கள் இருக்கின்றன.

மாமா பெட்டியை விற்பதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. தட்டுகளைக் கொடுப்பதில்லை என்று மட்டும் வியாபாரிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். அவர் உடனே விலையைக் கூட்டினாராம்.