பந்தைப் பிடித்துவைத்த காலமும் பறக்கவிடும் காலமும்

1950 நவம்பர் 22 அன்று, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், மினியாபொலிஸ் லேக்கர்ஸை அவர்கள் ஊரிலேயே சந்தித்தது ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ். லேக்கர்ஸிடம் ஜார்ஜ் மைக்கன் இருந்தார். உயரம் 6 அடி 10 அங்குலம். நேருக்கு நேர் ஆடினால் தோல்விதான் என்று பிஸ்டன்ஸுக்குத் தெரியும். பந்து கிடைத்ததும் கூடைப் பக்கம் போகாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். ரசிகர்கள் கத்தித் தீர்த்தார்கள். முடிவில் பிஸ்டன்ஸ் 19, லேக்கர்ஸ் 18. அந்தப் பதினெட்டில் மைக்கன் எடுத்தது மட்டும் 15. என்பிஏ வரலாற்றிலேயே மிகக் குறைந்த புள்ளிகள் எடுக்கப்பட்ட ஆட்டம் அது.

பார்க்கச் சகிக்காத ஆட்டம்தான், ஆனால் கணக்கு சரி. கூடைப்பந்தில் ஒரு அணி பந்தை விட்டால் அடுத்த அணிக்குப் போகும். இருவருக்கும் ஏறக்குறைய சம வாய்ப்புகள். அந்த வாய்ப்புகள் குறையக் குறைய அதிர்ஷ்டத்துக்கு இடம் கூடும். கூடக்கூடத் திறமை மேலே வரும். எளிய அணிக்கு நிதானம்தான் கோட்டை.

1954இல் அந்தக் கோட்டை இடிந்தது. சிராகியூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோன் போட்ட கணக்கு எளிமையானது: ரசிக்கத்தக்க ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து 120 முறை எறிகின்றன, 48 நிமிடம் என்பது 2,880 நொடி, வகுத்தால் 24. இனி 24 நொடிக்குள் எறிந்தாக வேண்டும். ஒரே பருவத்தில் ஓர் அணியின் சராசரி 79.5 புள்ளியிலிருந்து 93.1க்குத் தாவியது. அந்தப் பருவத்தின் கோப்பை சிராகியூஸுக்கே போனது.

வேகமே வெற்றி என்று நம்பியவர்களும் உண்டு. 1990-91இல் பால் வெஸ்ட்ஹெட் பயிற்சியில் டென்வர் நகெட்ஸ் மூச்சுவிடாமல் ஓடியது. ஆட்டத்துக்குச் சுமார் 120 புள்ளி எடுத்தது. 130க்கு மேல் கொடுத்தது. 82 ஆட்டங்களில் வென்றது வெறும் 20. தன்னைவிட வல்லவனுக்குத் தானே கூடுதல் வாய்ப்புகளை அள்ளிக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

இன்று அணிகளை ஆட்டப் புள்ளியை வைத்து எடைபோடுவதில்லை. 100 வாய்ப்புகளுக்கு எத்தனை எடுத்தார்கள், எத்தனை கொடுத்தார்கள் என்று பார்க்கிறார்கள். 2014-15இல் லீக்கிலேயே வேகமாக ஆடிய கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், அந்தக் கணக்கில் மிகக் குறைவாகப் புள்ளி கொடுத்த அணியும்கூட. 67 வெற்றி, கூடவே கோப்பை. ஓட்டத்தைவிட அந்தத் தடுப்பாட்டத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

பந்தைப் பிடித்துவைக்க வழியில்லாத எளிய அணி இன்று 3 புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று பந்தயம் கட்டுகிறது. கை ராசியான இரவில் எந்த ஜாம்பவானும் சரிவான். ஆனால் ஜாம்பவான்களும் இப்போது அதே கோட்டுக்கு வெளியிலிருந்துதான் எறிகிறார்கள்.