பெடல் ஸ்டீல் கிதார்: பாலிஷ் போட்டால் உயிர் வருமா?

கிதார் என்றால் மார்போடு அணைத்து வாசிக்கும் வாத்தியம் என்றுதான் பலரும் நினைத்திருக்கிறோம். மேஜை போல நாலு காலில் நிற்கிற கிதாரும் ஒன்று உண்டு.

அதை வாசிப்பவர் நாற்காலியில் உட்கார்ந்து கொள்கிறார். வலது கை விரல்களில் நகம் மாட்டித் தந்தியை மீட்டுகிறார். இடது கையில் ஓர் இரும்பு உருளை. அதைத் தந்தியின் மேல் வழுக்கி நகர்த்துகிறார். இடது கால் பெடல்களை மிதிக்கிறது. வலது கால், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்னொரு பெடலில் இருக்கிறது. இது போதாதென்று இரண்டு முழங்கால்களும் பக்கவாட்டில் நெம்புகோல்களைத் தள்ளுகின்றன. மிஷினில் துணி தைக்கிறாரா, சங்கீதம் வாசிக்கிறாரா என்று பார்ப்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இதன் பெயர் பெடல் ஸ்டீல் கிதார். அமெரிக்காவின் 'கன்ட்ரி' பாடல்களில் பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு விம்மல் எழுமே, அது இந்தக் கருவியின் குரல்தான்.

1950, 60-களில் செய்த இந்தக் கருவிகள் பல, வாசித்தவர்கள் காலமான பிறகு பரணிலும் கார் கொட்டகையிலும் கிடந்து துருப்பிடித்தன. இன்று அவற்றைத் தேடி எடுத்துப் பழுது பார்க்கிறவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் முன்னால் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: பழைய மெருகைச் சுரண்டிப் புது மெருகு போடலாமா, கூடாதா?

சின்னக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் ஒரு முறை சுரண்டிவிட்டால் திரும்பக் கொண்டுவர முடியாத விஷயம் அது.

கோட்டு வாத்தியத்தின் தூரத்து உறவு

தந்தியின் மேல் ஒரு பொருளை வழுக்கி வாசிப்பது நமக்குப் புதிதல்ல. சித்திரவீணை என்கிற கோட்டு வாத்தியம் அப்படி வாசிப்பதுதான். வீணையில் இருக்கும் மெட்டுகள் அதில் கிடையாது. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு இடைவெளியில்லாமல் குழைந்து போகலாம்.

கிதாரில் இந்த முறை பரவியது ஹவாய்த் தீவுகளில். ஜோசப் கெகுகு என்ற இளைஞர் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் இதை வளர்த்து, 1904-ல் ஹவாயை விட்டுக் கிளம்பி வெளியுலகத்துக்குக் கொண்டு போனார். 1880-களிலேயே கேப்ரியல் டேவியன் என்ற இந்தியர் ஹவாயில் இப்படி வாசித்தார் என்றும் ஒரு பழைய குறிப்பு உண்டு. ஒரு கப்பல் கேப்டன் அவரை இந்தியாவிலிருந்து தூக்கிக்கொண்டு போனதாக அது சொல்கிறது.

1915-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய கண்காட்சியில் ஹவாய் இசைக்கு அமெரிக்காவே மயங்கியது. அந்த அலை நம் நாட்டுக்கும் வந்தது. சமோவாவில் பிறந்து ஹவாயில் வளர்ந்த டாவ் மோ என்ற கலைஞர் 1940-களில் கல்கத்தாவில் குடும்பத்தோடு தங்கி வாசித்தார். பிறகு வான் ஷிப்லி போன்றவர்கள் இந்தி சினிமாப் பாட்டுகளை ஹவாயன் கிதாரில் வாசித்து இசைத்தட்டுகளாக வெளியிட்டார்கள். ரேடியோவில் அவற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஏராளம்.

மெக்கானிக் கையில் வளர்ந்த வாத்தியம்

ஹவாயன் கிதாரில் ஒரு குறை இருந்தது. இரும்பு உருளை நேர்க்கோடு. அது எல்லாத் தந்திகளையும் ஒரே அளவில்தான் ஏற்றும், இறக்கும். ஒரு தந்தி நிற்க, பக்கத்துத் தந்தி மட்டும் ஏற வேண்டும் என்றால் வழியில்லை.

அதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் பால் பிக்ஸ்பி. இவர் கலிபோர்னியாவில் மோட்டார் சைக்கிள் செய்யும் பட்டறையில் வேலை பார்த்த கை தேர்ந்த மெக்கானிக். ஸ்பீடி வெஸ்ட் என்ற வித்வானுக்கு 1948-ல் இவர் பெடல் வைத்த ஸ்டீல் கிதார் செய்து கொடுத்தார். பெடலை மிதித்தால் குறிப்பிட்ட தந்திகள் மட்டும் இறுகும்.

1954-ல் வெப் பியர்ஸ் பாடிய 'ஸ்லோலி' என்ற பாட்டு வெளிவந்தது. அதில் பட் ஐசக்ஸ் என்பவர், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்துச் சுருதியை நெளியவிட்டார். அந்த விம்மலைக் கேட்டு ஸ்டீல் கிதார்க்காரர்கள் திகைத்துப் போனார்கள். பெடல் இல்லாதவர்கள் கையில் கிடைத்த கம்பியை வளைத்துத் தாங்களே மாட்டிப் பார்த்தார்களாம்.

அந்தச் சூட்டில் நாஷ்வில் நகரில் ஷாட் ஜாக்சனும் பட்டி எம்மன்ஸும் சேர்ந்து ஒரு பட்டறை போட்டார்கள். இருவர் பெயரையும் ஒட்டி 'ஷோ-பட்' என்று பெயர் வைத்தார்கள். 1963-ல் எம்மன்ஸ் தன் பெயரிலேயே தனிக் கம்பெனி கண்டார். இன்று பழுது பார்க்க வருகிற பழைய கருவிகளில் இந்த இரண்டு பெயர்களும் அடிக்கடி வரும்.

கவிழ்த்துப் பார்த்தால்தான் வித்தை தெரியும்

மேலே பார்த்தால் பலகையும் தந்தியும்தான். பெரிய கருவிகளில் பத்துப் பத்தாக 20 தந்திகள் இருக்கும். கவிழ்த்துப் போட்டால் கம்பியும் தண்டும் ஸ்பிரிங்குமாக ஒரு சிறிய தொழிற்சாலையே தெரியும்.

பெடலை மிதித்ததும் ஒரு கம்பி கீழே இழுபடுகிறது. அது குறுக்குத் தண்டு ஒன்றைத் திருப்புகிறது. தண்டில் உள்ள கொக்கி, நீளக் கம்பியை இழுக்கிறது. நீளக் கம்பியின் மறுமுனை, வலது ஓரத்தில் இருக்கும் அலுமினிய 'விரல்' ஒன்றை அசைக்கிறது. ஒவ்வொரு தந்திக்கும் அப்படி ஒரு விரல். அதன் முதுகில்தான் தந்தி வளைந்து மாட்டியிருக்கிறது. விரல் சாய்ந்தால் தந்தி இறுகும். காலை எடுத்தால் அது பழைய இடத்துக்குத் திரும்பும்.

நாஷ்வில் முறையில் முதல் பெடலை மிதித்தால் 2 தந்திகள் ஒரு முழு சுரம் ஏறும். அடுத்ததை மிதித்தால் வேறு 2 தந்திகள் அரை சுரம் ஏறும். ஏறினால் மட்டும் போதாது. ஒவ்வொரு முறையும் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். மயிரிழை தவறினாலும் அபசுரம்தான்.

பழைய எண்ணெயே முதல் எதிரி

கிழடு தட்டிய கருவியில் கண்ணுக்குத் தெரியும் குறை வேறு, உண்மையான குறை வேறு. மெருகு வெடித்திருப்பது கண்ணில் படும். உள்ளே எண்ணெய் கெட்டியாகிப் பிசினாக ஒட்டிக்கொண்டிருப்பது கண்ணில் படாது. அந்தப் பிசின்தான் விரலைத் திரும்பவிடாமல் பிடித்து வைக்கிறது.

அனுபவசாலி அதனால் உப்புத்தாளை எடுப்பதில்லை. முதலில் காகிதமும் பென்சிலும் எடுக்கிறார். எந்தப் பெடல் எந்தத் தந்தியை எவ்வளவு ஏற்றுகிறது என்று அட்டவணை போடுகிறார். எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுக்கிறார். ஒவ்வொரு கம்பிக்கும் சீட்டுக் கட்டுகிறார். ஒரே கொக்கியில் பல துளைகள் இருக்கும். எந்தத் துளையில் கம்பி மாட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து இழுவையின் அளவு மாறும். துளை மாறினால் பெடல் கனக்கும், அல்லது சுருதி எட்டாது.

பிறகுதான் கழற்றுகிறார். விரல்களைப் பெட்ரோலிய ஸ்பிரிட்டில் ஊற வைத்துப் பிசினைக் கரைக்கிறார். திரும்ப மாட்டும்போது தையல் மிஷின் எண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விடுகிறார். கெட்டியான கிரீஸ் இங்கே ஆகாது. பத்து வருஷத்தில் அதுவே மறுபடி பிசினாகிவிடும்.

விரலின் முதுகில் தந்தி அரைத்த பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தில்தான் தந்தி இரையும், அறுந்தும் போகும். மூன்றாவது தந்தி கால் மில்லி மீட்டரைவிடச் சற்றே கனமானது. அடிக்கடி அறுவது அதுதான். பள்ளத்தை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். அதிகம் தேய்த்தால் முதுகின் வளைவே கெட்டுவிடும்.

சில கருவிகளில் சிறு பாகங்களைத் துத்தநாகக் கலவையில் மலிவாக வார்த்திருப்பார்கள். நாளானதும் அவை வெடித்து உதிரும். கம்பெனிக்கு எழுதிப் புதிது வாங்கலாமென்றால், ஷோ-பட் 1980-களிலேயே தொழிலை நிறுத்திவிட்டது. ஆகவே லேத் வேலை தெரிந்தவர்கள் அந்தப் பாகங்களை அலுமினியத்திலும் எஃகிலும் ஒவ்வொன்றாகக் கடைந்து கொடுக்கிறார்கள். கடைசல்காரர் இல்லையென்றால் இந்தச் சங்கீதமும் இல்லை.

மெருகில்தான் வம்பு

இவ்வளவும் ஆன பிறகே மெருகுப் பேச்சு.

பழைய ஷோ-பட் கருவிகளின் உடம்பு மேப்பிள் மரம். அதில் பறவையின் கண் போலப் புள்ளிப் புள்ளியாக இயற்கை வரிகள் ஓடும். சுருதிக் கோடுகளுக்கு நடுவே சீட்டுக்கட்டின் இஸ்பேட், ஆட்டின், கிளாவர், டைமன் படங்கள் இருக்கும். அதன் மேல் தெளிந்த லாக்கர் பூச்சு.

இந்த லாக்கர் என்ற சொல்லே நம்முடைய அரக்கிலிருந்து, 'லாக்ஷா' என்ற சமஸ்கிருத வார்த்தையிலிருந்து போனது. இன்றும் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் எடுக்கும் அரக்கு, உலகமெங்கும் மர வேலைக்காரர்களுக்குப் போகிறது. பழைய பூச்சும் புதுப் பூச்சும் ஒன்றோடொன்று ஒட்டாவிட்டால், நடுவில் அரக்கைக் கரைத்து ஒரு கோட் அடிப்பது எந்த நாட்டிலும் தெரிந்த கைப்பக்குவம்.

கிதாருக்கு அடித்தது நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர். குளிரிலும் வெயிலிலும் மரம் சுருங்கி விரியும்போது அது மெல்லிய கோடுகளாக வெடிக்கும். வயதாக ஆக மஞ்சளிக்கும். இதை அழுக்கு என்று நினைத்துச் சுரண்டுகிறவர்கள் உண்டு. சுரண்டும்போது கம்பெனி முத்திரை போகிறது. பலகையின் விளிம்பு மழுங்குகிறது. வித்வானின் கை உராய்ந்து பதிந்த தேய்மானமும் போகிறது. மெருகு கெட்டியாக இருக்கும் பழைய கருவிக்குத்தான் சந்தையிலும் மதிப்பு அதிகம்.

அதனால் பூச்சு பிடிப்போடு இருந்தால் ஈரத்துணியால் துடைத்து, மெழுகு போட்டு நிறுத்திக்கொள்வதே சரி. பூச்சு பொரிந்து உதிர்ந்திருந்தால், தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தால், எவரோ சுவர் பெயிண்ட்டை மேலே அடித்து வைத்திருந்தால், அப்போது புது மெருகு நியாயம். எம்மன்ஸ் கருவிகள் பலவற்றில் மரத்தின் மேல் மைக்கா ஷீட் ஒட்டியிருக்கும். அங்கே லாக்கருக்கு வேலையே இல்லை. ஷீட்டைத் துடைக்கலாம், கிளம்பிய இடத்தை ஒட்டலாம், அவ்வளவுதான்.

புது மெருகு என்று முடிவானால் பொறுமை வேண்டும். மெல்லிய கோட்டாகப் பல முறை அடிக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டும் அடுத்ததோடு கரைந்து ஒன்றாகும். முழுக்கக் காய வாரக்கணக்கில் ஆகும். அதன் பிறகுதான் தண்ணீர் விட்டு நுண்ணிய தாளால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவது. காற்றில் ஈரம் இருந்தால் லாக்கர் பால் போல வெளுத்துப் போகும். மும்பை மழைக்காலத்தில் பாலிஷ் வேலை பார்த்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தின்னர் சீக்கிரம் தீப்பிடிக்கும். மூக்குக்கு முகமூடியும், காற்றோட்டமும், பீடி இல்லாத பட்டறையும் கட்டாயம்.

கடைசிப் பரீட்சை

மெருகு போட வேண்டுமானால் ஒரு திருகு விடாமல் கழற்ற வேண்டும். கழற்றியதைத் திரும்ப மாட்டத் தெரியாதவர் மெருகைப் பற்றியே நினைக்கக் கூடாது. பளபளப்பான உடம்பும், சாக்குப் பையில் குவிந்த கம்பிகளுமாக அரைகுறையாக விலைக்கு வரும் கருவிகளின் கதை பெரும்பாலும் இதுதான்.

எல்லாம் மாட்டி முடிந்ததும் பரீட்சை எளிது. தந்தியை மீட்டிப் பெடலை மிதிக்க வேண்டும். காலை எடுக்க வேண்டும். இப்படி ஐம்பது முறை. ஐம்பதாவது முறையும் தந்தி தன் சுருதிக்கே திரும்பி வந்தால் வேலை ஜெயித்தது. மேலே நாலு கீறல் இருந்தாலும் அந்தக் கிதார் மேடைக்குப் போகலாம். திரும்பி வராவிட்டால், அதில் முகம் பார்க்கலாமே தவிர பாட்டு வாசிக்க முடியாது.