மென்பொருள் ஆய்வில் மறுசோதனை

ஆம்பூரில் ஆவாரம் பட்டையிட்டுப் பதனிட்ட தோல் நன்றாக வந்தது எனக் கொள்வோம். அதே பட்டை, அதே அளவு, அதே நாள் கணக்கு. ஆயினும் பேர்ணாம்பட்டில் செய்யும்போது சற்றே வேறாக வருவதுண்டு. தண்ணீரின் உப்பு வேறு. தொட்டே பதம் அறியும் கை வேறு. முந்தைய பக்குவம் பொய் என்று நம் பெரியவர்கள் சொல்வதில்லை. எது மாறிற்று என்றே கேட்பர். மென்பொருள் ஆய்வாளர்க்கும் இக்கேள்வி எழுந்தது.

நிரலில் ஒளிந்திருக்கும் பிழைகளைக் கண்டறிய எவ்வழி சிறந்தது? இயக்காமல் வரிவரியாகப் படிப்பதா? உள்ளமைப்பைப் பாராமல், உள்ளீடு தந்து விடையைச் சரிபார்ப்பதா? ஒவ்வொரு கூற்றும் ஒருமுறையேனும் இயங்குமாறு சோதிப்பதா? விக்டர் பசிலியும் ரிச்சர்டு செல்பியும் 32 தொழில்முறை நிரலாளர், 42 மாணவர் ஆகியோரைக் கொண்டு இதனை ஆராய்ந்து 1987இல் வெளியிட்டனர். தொழில்முறையாளரிடையே, படித்துப் பார்த்தலே மிகுதியான பிழைகளைக் காட்டியது.

1995இல் ஜெர்மனியின் கைசர்சுலாட்டர்ன் நகரில் மாணவர்களைக் கொண்டு, 'சி' மொழி நிரல்களில் இச்சோதனை மீண்டும் நிகழ்ந்தது. பிழைகளை வெளிப்படுத்தும் திறனில் மூன்றுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. விரைவில் இரண்டாம் வழி முந்தியது. 1997இல் ஸ்காட்லாந்தின் ஸ்டிராத்கிளைடு பல்கலைக்கழகத்தார் மேலும் ஒரு படி சென்றனர். நிரலுக்கும் பிழையின் வகைக்கும் ஏற்பச் சிறந்த வழி மாறுகிறது என்றும், வழிகளைச் சேர்த்துக் கையாண்டால் பிடிபடும் பிழைகள் பெருகுகின்றன என்றும் கண்டனர். முதல் முடிவு எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பது மறுசோதனையால்தான் துலங்கிற்று.

குறிப்பேட்டில் ஏறாத அறிவும் ஒன்றுண்டு. மேரிலாந்தில் உருவான சோதனைகளைப் பிரேசில் நாட்டு ஆய்வாளர் திரும்பச் செய்தனர். எழுதி அனுப்பிய கையேடு மட்டும் போதவில்லை. இரு தரப்பாரும் அடிக்கடி பேசிக்கொள்ள வேண்டியிருந்தது என 2002இல் அவர்கள் கூட்டாக எழுதினர். தோல் தொழிலில் கைப்பழக்கம் என்பதும் இதுவே அன்றோ!

இறுதியாண்டு மாணவர் ஒருவர் பிறர் செய்த சோதனையைத் திரும்பச் செய்ய விழைந்தால், "இதில் புதுமை என்ன?" என்று நாம் கேட்டுவிடுகிறோம். ஆசிரியராகிய நம்மிடமே இக்குறை உண்டு. ஒரு சிறு நிரல், வேண்டுமென்றே அதில் வைத்த சில பிழைகள், மூன்று குழுக்கள், ஒரு நாட்குறிப்பு: இவை இருந்தால் பசிலியின் கேள்வியை நம் கல்லூரி ஆய்வகத்திலேயே கேட்டுப் பார்க்கலாம். நாட்குறிப்பில் மின்சாரம் நின்ற நேரத்தையும் குறித்து வைக்க வேண்டும்.