இலவசப் பாடம் இருக்கிறது, மலையில் சிக்னல்?

கொடைக்கானலில் 1984 முதல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இயங்குகிறது. ஆனாலும் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, மன்னவனூர் பக்கம் தோட்டக் கூலி வேலைக்குப் போகும் தலித் குடும்பங்களுக்குக் கல்லூரிப் படிப்பு இன்றும் பெரும் செலவுதான்.

மத்திய அரசு 2017இல் தொடங்கிய 'ஸ்வயம்' இணையதளத்தில் பல்கலைக்கழகப் பாடங்களை யாரும் இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம். ஐ.ஐ.டி.க்கள் அதில் நடத்தும் என்.பி.டி.இ.எல். தேர்வில் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம். ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயத்தில் படித்து கிரெடிட் பெறலாம் என்கிறது யு.ஜி.சி.யின் 2021ஆம் ஆண்டு விதி.

ஆனால், கருவி இருப்பவருக்குத்தான் இலவசம் பயன்படும். 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, நாட்டின் கிராமப்புற வீடுகளில் 4.4 சதவீதத்தில்தான் கணினி இருந்தது. இன்று கையில் செல்போன் இருந்தாலும், மலைச்சரிவில் சிக்னல் நிலைப்பதில்லை.

மாலையிலும் கணினி அறையைத் திறந்து வைப்பது கல்லூரிகளின் கடமை. மாணவர்களே, பாடத்தில் சேருமுன், கிரெடிட் கிடைக்குமா என்று துறைத் தலைவரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இணையம் எட்டாத ஊரில் டிடி ஃப்ரீ டிஷ் இருந்தால் 'ஸ்வயம் பிரபா' சேனல்களைப் பாருங்கள். பாதிக் கட்டணம் யாரும் போடும் பிச்சையல்ல, உரிமை. கேட்டு வாங்குவோம்.