புள்ளி வைக்கும் ஆன்ம சோதனை

திண்டுக்கல் பெஸ்கி கல்லூரி பேரில்தான் கல்லூரி. உண்மையில் இயேசு சபையில் சேர்கிறவர்களுக்கான நவதுறவகம். இந்தச் சபையார் தினமும் செய்யும் ஆன்ம சோதனைக்கு மூலம், சபை நிறுவனர் இஞ்ஞாசியார் எழுதி 1548-ல் அச்சான 'ஆன்மிகப் பயிற்சிகள்'.

அதில் 'தனிச் சோதனை'ன்னு ஒண்ணு இருக்கு, கிட்டத்தட்ட நம்ம எரர் லாக் மாதிரி. ஒரே ஒரு குறையை எடுத்துக்கணும். காலையில் தீர்மானம், தவறினால் உடனே நெஞ்சில் கை. மதியமும் இரவும் மணிவாரியாக யோசித்து, தவறிய ஒவ்வொரு தடவைக்கும் கோட்டின்மேல் ஒரு புள்ளி. நாளுக்கு இரண்டு கோடு. அப்புறம் நேற்றோடு இன்று, போன வாரத்தோடு இந்த வாரம்னு ஒப்பிடணும்.

இப்படி எண்ணுவதே குற்ற உணர்வாக முற்றிவிடாதா? முற்றலாம். 1522-ல் மன்ரேசா ஊரில், பாவசங்கீர்த்தனம் செய்து முடித்த பாவங்களையே திரும்பத் திரும்பக் கிளறி, தற்கொலை எண்ணம் வரை போனவர் இஞ்ஞாசியார். அதனால்தானோ என்னவோ, 'பொதுச் சோதனை'யை நன்றியில் தொடங்கச் சொல்கிறார். பாவக் கணக்கு மூன்றாவதாகத்தான் வருது.